மூணரை இஞ்ச் மணல், மூலையில கறுப்பு, அழுகுன முட்டை நாத்தம்: மொத்தத்தையும் அள்ளிரலாமா?

கும்மோணம்_க்ளவுன்:
எல்லாருக்கும் வணக்கம். மூணடி உப்புத்தண்ணி டேங்க், ரெண்டேகால் வருஷமா ஓடுது, பாறை மணல் எல்லாம் போக தண்ணி ஒரு 150 லிட்டர் நிக்கும். க்ளவுன் மீன் ஜோடி ஒண்ணு, யெல்லோ டெயில் டாம்செல் மீன் ஒண்ணு, கொஞ்சம் நத்தை, அவ்ளோதான். மணல் அரகோனைட்னு சொல்ற வெள்ளைச் சுண்ணாம்பு மணல், சர்க்கரை மாதிரி பொடி. ஆரம்பத்துல சமமா ரெண்டு இஞ்ச் போட்டேன், வேவ் மேக்கர் (டேங்க்குள்ள தண்ணியை ஓட வைக்கிற மோட்டார்) தள்ளித் தள்ளி இப்ப வலது மூலையில மூணரை இஞ்ச் மேடு, இடது பக்கம் அடிக்கண்ணாடியே தெரியுது.

போன ஞாயித்துக்கிழமை தண்ணி மாத்தும்போது அந்த மேட்டுல ஹோஸை விட்டேன். மை கரைச்ச மாதிரி கறுப்பா வந்துச்சு, வாளியை மோந்து பாத்தா அழுகுன முட்டை நாத்தம், பயந்துபோய் அப்படியே நிறுத்திட்டேன். நைட்ரேட் (மீன் கழிவு மாறி தண்ணியில சேர்றது) டெஸ்ட் பண்ணா அதிகமா 50 காட்டுது. மீன் வாங்குற கடையில கேட்டேன், மொத்த மணலையும் அள்ளி போர் தண்ணியில நல்லா அலசி வெயில்ல காயப்போட்டு அன்னிக்கு சாயங்காலமே திருப்பிப் போட்ருங்க ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. என் பொண்ணு ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக் கூட கழட்டாம டேங்க் முன்னாடிதான் போய் நிப்பா, ஏதாச்சும் ஆச்சுன்னா அவளுக்கு என்னால பதில் சொல்ல முடியாது. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, அள்ளலாமா வேண்டாமா?

நாகை_இறால்குட்டை:
அள்ளாதீங்க சார். மீன் உள்ள இருக்கும்போது அந்த மேட்டைக் கையால கிளறவே கிளறாதீங்க. நான் வனாமி இறால் வளக்குறவன், இந்த நாத்தத்தோடதான் வருஷம் பூரா மல்லுக்கு நிக்கிறேன். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. தண்ணியில கலந்தா மீனோட செல்லுக்குள்ள ஆக்ஸிஜனை வாங்க விடாமப் பண்ணிரும், அதோட தண்ணியில இருக்கற ஆக்ஸிஜனையும் உறிஞ்சிக்கும். மூடி இருக்கற வரைக்கும் பெரிய தொந்தரவு இல்ல, மேல வர வர காத்து பட்டு வழியிலயே மாறிடும். ஒரேயடியா கிளப்பி விட்டாதான் ஆபத்து.

குட்டையில நாங்க என்ன பண்றோம்னா சீட் (இறால் குஞ்சு) விட்ட கொஞ்ச நாள்லேர்ந்தே தரையில இரும்புச் சங்கிலியைக் கட்டி இழுப்போம், வாயு சேரவே விடக்கூடாதுன்னு. ஆனா ஆரம்பத்துலேர்ந்து இழுத்திருந்தா மட்டும்தான். ரெண்டு மாசம் சும்மா விட்டுட்டு திடீர்னு ஒருநாள் சங்கிலியைப் போட்டா மறுநாள் காலையில இறால் கரையோரம் மயங்கி நிக்கும், அதை நான் கண்ணால பாத்திருக்கேன். உங்க மேடு ரெண்டேகால் வருஷம் தொடாத தரை, அதை மனசுல வச்சுக்கோங்க.

வேதை_கரையோரம்:
நான் வேற மாதிரி சொல்வேன். கிளறக் கூடாதுங்கறது சரி, ஆனா அவ்வளவு மணல் எதுக்குங்க நம்ம ஊருக்கு? 2018 நவம்பர் 16 கஜா புயல் எங்க பக்கம்தான் கரையைக் கடந்துச்சு. அப்ப என்கிட்ட நாலடி டேங்க், அஞ்சு இஞ்ச் மணல், ஆழமா போட்டா நைட்ரேட் தானா போயிரும்னு படிச்சுட்டு ஆசை ஆசையா போட்டது. மரமெல்லாம் சாஞ்சு கிடக்கு, கரண்ட் கம்பம் ஒண்ணு கூட நிக்கல, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க வெளிய போக ரோடு இல்ல. பேட்டரியில ஓடுற குட்டி ஏர் பம்ப்பை வச்சு ரெண்டு நாள் இழுத்தேன். மூணாவது நாள் காலையில பாத்தா மேல் மணல் வெள்ளையே இல்ல, சாம்பல் பூத்த மாதிரி ஆயிருச்சு, தண்ணி பால் மாதிரி கலங்கிருச்சு, வீட்டுக்குள்ள நுழையும்போதே நாத்தம். ஆறு மீனும் போச்சு. தண்ணி ஓட்டம் நின்னா அவ்வளவு மணல்ல இருக்கற பாக்டீரியா புழு எல்லாம் சேந்து ஆக்ஸிஜனைக் குடிச்சு முடிச்சிருது. அதுக்கு அப்புறம் நான் ஒரு இஞ்சுக்கு மேல மணல் போடறதே இல்ல. வெளிநாட்டுல கரண்ட் போகாத ஊர்ல எழுதுன கணக்கை நம்ம கடலோரத்துல வச்சுப் பாக்கக் கூடாது.

மன்னார்குடி_நஞ்சை:
கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க. ஆறு மா நெல் வயலும் வீட்டுல ரெண்டடி டேங்க்கும் வச்சிருக்கேன், எனக்கு இந்த ரெண்டும் ஒரே விஷயமாத்தான் தெரியுது.

தண்ணி கட்டி நிக்கிற வயல்ல இறங்கி ஒரு பிடி சேறு அள்ளிப் பாருங்க. மேல விரல் நகம் கனத்துக்குப் பழுப்பா இருக்கும், அதுக்குக் கீழ சாம்பல், இன்னும் கீழ கருநீலம். மேல இருக்கறது காத்து படுற மண்ணு, கீழ காத்து எட்டாத மண்ணு. நாம தெளிக்கிற யூரியா முதல்ல அமோனியா ஆகும், அந்தப் பழுப்புத் தோல்ல இருக்கற பாக்டீரியா அதை நைட்ரேட் ஆக்கும், நைட்ரேட் கீழ இறங்குனா அங்க இருக்கற வேற பாக்டீரியா ஆக்ஸிஜன் கிடைக்காததால நைட்ரேட்டை வச்சே மூச்சு விடும், கடைசியில அது வெறும் நைட்ரஜன் காத்தா ஆகாயத்துக்குப் போயிரும். விவசாயிக்குக் காசு போன கணக்கு. 2015லேர்ந்து யூரியா எல்லாம் வேப்பெண்ணெய் தடவியே வருதே, அமோனியா நைட்ரேட்டா மாறுற வேகத்தைக் குறைக்கறது அதுக்கு ஒரு முக்கியமான காரணம். வயல்ல எது நமக்கு நஷ்டமோ அதே வேலையைத்தான் டேங்க் மணல் பண்ணணும்னு நாம ஆசைப்படுறோம். மீன் கழிவு அமோனியா ஆகி, நைட்ரேட் ஆகி, கீழ் மணல்ல காத்தா மாறி வெளிய போகணும்.

அப்ப கறுப்பு ஏன் வருது? ஆக்ஸிஜனும் இல்ல நைட்ரேட்டும் இல்ல ஆனா மக்குற குப்பை மட்டும் நிறைய இருக்குன்னா, அடுத்த பாக்டீரியா கூட்டம் சல்ஃபேட்டை வச்சு மூச்சு விட்டு, நாகைக்காரர் சொன்ன அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிய விடும். கடல் தண்ணியில லிட்டருக்கு 2.7 கிராம் கிட்ட சல்ஃபேட் இருக்கு, அது தீரவே தீராது. அதான் ஆத்துத்தண்ணி வயலை விட உப்புத்தண்ணியில இந்த நாத்தம் சீக்கிரம் வருது. வயல் மண்ணுலயாச்சும் இரும்பு நிறைய இருக்கு, சல்ஃபைடைப் பிடிச்சுக் கறுப்பா உக்கார வச்சிரும். வெள்ளை அரகோனைட்ல இரும்பு சொற்பம், அந்தக் கொஞ்சம் கறுத்ததுக்கு அப்புறம் மீதியைப் பிடிச்சு வைக்க ஆள் இல்ல.

இப்ப கும்மோணம் அண்ணே, உங்க கேஸ்ல கவனிக்க வேண்டியது ஒண்ணு. தண்ணியில நைட்ரேட் 50 இருக்கு, ஆனா மூலையில நைட்ரேட் இல்லாத இடத்துல வர்ற நாத்தம் வருது. ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்கும்? பொடி மணலோட இடுக்குல ரெண்டு வருஷ வண்டல் இறங்கி அடைச்சுக்கிச்சு, மேல இருக்கற நைட்ரேட் கீழ எட்டவே இல்ல. மணல் கெட்டுப் போகல, அடைச்சுப் போச்சு. அடைப்பை எடுத்தா மணல் அது வேலையைப் பாக்கும்.

வயல்ல வேர் கறுத்தா நாங்க தண்ணியை வடிச்சு காயவிட்டு மறுபடி கட்டுவோம், காய்ச்சலும் பாய்ச்சலுமா. டேங்க்ல அது நடக்காது. அதனால அங்க புழுவும் நத்தையும்தான் நமக்கு ஏர் ஓட்டணும், பாக்கியை நாம ஹோஸ் வச்சு எடுக்கணும், அதுவும் துண்டு துண்டா. நடவு முடிஞ்சு பயிர் நிக்கிற வயல்ல யாராச்சும் டிராக்டரை விடுவாங்களா? கடைக்காரர் சொன்னது அதுதான். போர் தண்ணி பட்டா மணல்ல இருக்கற புழு, குட்டிப் பூச்சி எல்லாம் செத்துரும், பாக்டீரியாவும் பெரும்பாலும் போயிரும், செத்ததெல்லாம் டேங்க்குள்ள அழுகும், அமோனியா ஏறும். பாறையில பாக்டீரியா இருக்குன்னாலும் அந்தச் சுமையை ஒரே நாள்ல தாங்காது.

கும்மோணம்_க்ளவுன்:
அண்ணே, ரெண்டு தடவை படிச்சேன். அடைச்சுப் போச்சுங்கறது புரிஞ்சிருச்சு. வேதை அண்ணன் சொல்ற கரண்ட் பயமும் எனக்கு இருக்கு, இங்கயும் மழைக்காலத்துல ராத்திரி பூரா போகும். இப்ப துண்டு துண்டான்னா எவ்வளவு, எப்படின்னு யாராச்சும் கையைப் பிடிச்சுச் சொல்லிக் கொடுங்க.

காரைக்கால்_அக்கா:
தம்பி, நான் பதினோரு வருஷமா பண்றதைச் சொல்றேன்.

முந்தின நாளே ஆர்ஓ தண்ணியில உப்புத்தண்ணி 15 லிட்டர் கலந்து ஏர் ஸ்டோன் போட்டு வச்சிருங்க, உப்பு போடுறதுக்கு முன்னாடி அந்த ஆர்ஓ தண்ணி டிடிஎஸ் மீட்டர்ல (கரைஞ்சிருக்கற உப்பை அளக்கறது) பூஜ்யம் கிட்ட காட்டணும். காலையில பண்ணுங்க, அப்பதான் பகல் பூரா மீனைப் பாத்துக்க முடியும். வேவ் மேக்கரை நிறுத்திருங்க, ஏர் பம்ப் ஓடட்டும், ஃபில்டர்ல புது கார்பன் ஒரு பை போடுங்க. அரை இஞ்ச் ஹோஸ் போதும். வாயால உறிஞ்சாதீங்க, தண்ணி நிரப்பி விரலால அடைச்சு இறக்குங்க. கையில வெட்டுக்காயம் இருந்தா கிளவுஸ் போடாம கையை உள்ள விடவே விடாதீங்க, உப்புத்தண்ணிக் கிருமி புண்ணுல ஏறுனா லேசுல ஆறாது.

இப்பதான் முக்கியமான விஷயம். ஹோஸ்ல தண்ணி ஓட ஆரம்பிச்ச அப்புறம்தான் முனை மணலைத் தொடணும். மேட்டோட ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சு நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, அடிக்கண்ணாடி வரைக்கும். கறுப்பு மணல் வந்தா தண்ணியோட சேத்து வாளிக்கு வந்துரணும், டேங்க்குள்ள புகையக் கூடாது. ஹோஸை முன்ன பின்ன ஆட்டாதீங்க, ஒரு இடத்துல குத்தி நிறுத்தி அது உறிஞ்சி முடிச்சதும் தூக்கி அடுத்த இடம். கொஞ்சம் புகையிற மாதிரி இருந்தா கட்டை விரலால ஹோஸை நெரிச்சு வேகத்தைக் குறைங்க. 15 லிட்டர் ஆனதும் நிறுத்திருங்க, இன்னும் ரெண்டு விரல்தானே பாக்கின்னு மனசு சொல்லும், கேக்காதீங்க. அடுத்த பட்டை பதினஞ்சு நாள் கழிச்சு. வாளிக்கு வந்த கறுப்பு மணல் திரும்ப டேங்க்குக்குப் போக வேண்டாம். நீங்க மேட்டை ஒன்றரை இஞ்சுக்குக் கொண்டு வாங்க, வேதைக்காரர் பயமும் தீரும், பின்னாடி ஹோஸ் வச்சு சுத்தம் பண்றதும் லேசு.

இன்னொண்ணு, தண்ணி ஓட்டத்தைச் சரி பண்ணலன்னா மறுபடி அதே மூலையில மேடு ஏறும். வேவ் மேக்கரை மேல் நோக்கித் திருப்பி, எதிர்க் கண்ணாடியில பட்டுத் திரும்புற மாதிரி வைங்க.

தரங்கை_தம்பி:
ஒரு சந்தேகம். எங்க ஊர்ல வலையில கடல் அட்டை மாட்டும், அது மணலைத் தின்னு சுத்தமாக்கி வெளிய விடும்னு வீடியோவுல பாத்தேன். கும்மோணம் அண்ணனுக்கு ரெண்டு கொண்டு வந்து தரவா? காசெல்லாம் வேண்டாம்.

நாகை_இறால்குட்டை:
தம்பி, நல்ல மனசுல கேக்குற, ஆனா அதைத் தொடாத. கடல் அட்டை இனம் மொத்தமும் 2001லேர்ந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, புலிக்கு என்ன பாதுகாப்போ அதேதான். வச்சிருந்தாலே கேஸ். வலையில மாட்டுனா உயிரோட திருப்பி விட்ரணும். கடல் குதிரை, பவளம் எல்லாமும் அப்படித்தான். பவளத்தை நொறுக்கி மணல்னு யாராச்சும் வித்தாலும் வாங்காத. சட்டத்தை விடு, கடல் தரையில மணலைப் புரட்டிப் போடுற ஜீவன் அது, அதை எடுத்துட்டா அங்க யாரு அந்த வேலையைப் பண்ணுவா?

காரைக்கால்_அக்கா:
அட்டை டேங்க்ல செத்தாலோ மோட்டார்ல மாட்டுனாலோ விஷம் விடும், மொத்த மீனும் போயிரும். 150 லிட்டருக்கு அது வேண்டவே வேண்டாம். மணல் சலிக்கிற கோபி மீன், மணல் நட்சத்திர மீன் இதையெல்லாமும் சின்ன டேங்க்ல விடாதீங்க, மணல்ல இருக்கற குட்டிப் பூச்சியை மூணு மாசத்துல தின்னு தீத்துட்டு அதுங்க பட்டினியில வத்திப் போகும். பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும். நசாரியஸ் நத்தை அஞ்சாறு போதும், பகல்ல மணலுக்குள்ள புதைஞ்சு தும்பிக்கையை மட்டும் வெளிய நீட்டிட்டுக் கிடக்கும், சாப்பாடு வாசனை வந்தா எல்லாம் ஒரே நேரத்துல எழுந்திரிச்சு வரும்.

கும்மோணம்_க்ளவுன்:
ரொம்ப நன்றி அக்கா. இடது பக்கம் காலியா இருக்கே, அங்க நிரப்ப மணல் வேணும். அரகோனைட் கிலோ விலை எகிறிப் போச்சு. கொள்ளிடம் இங்கேர்ந்து பக்கம்தான், ஆத்து மணல் ஒரு பை சலிச்சுப் போட்டா என்ன?

மன்னார்குடி_நஞ்சை:
எனக்குத் தெரிஞ்சு கூடாதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா உங்களுக்கு வேண்டாம்னு சொல்வேன். ஆத்து மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், தண்ணியில கரையாது, மீனுக்குக் கெடுதல் இல்ல. அரகோனைட் போட்டாதான் பிஎச் நிக்கும்னு சொல்றது கொஞ்சம் மிகை, 8.2 பிஎச் தண்ணியில அரகோனைட்டும் கரையாது, மணலுக்குள்ள பிஎச் இறங்குற இடத்துல மட்டும்தான் கொஞ்சம் கரையும். ஆனா நம்ம ஆத்து மணலைக் கையில வச்சு வெயில்ல பாருங்க, நடுவுல மினுமினுன்னு கறுப்புத் துகள் தெரியும். ஒரு காந்தத்தைக் காட்டுனா கொஞ்சம் துள்ளி ஒட்டும். கண்ணாடி துடைக்கிற மேக்னட் கிளீனர்ல அது மாட்டிக்கிட்டா கண்ணாடி பூரா கீறல்தான். என்னோட டேங்க் முன்பக்கம் குறுக்க ஒரு முழ நீளக் கீறல் இருக்கு, அதுக்குக் காரணம் நாலே நாலு துகள். சலிச்சாலும் வண்டல் முழுசா போகாது. கடற்கரையில அள்ளுறதும் அப்படித்தான், அது போக கடலோரத்துல மணல் எடுக்கத் தடை இருக்கு.

நிரப்பவே வேண்டாம்ணே. வலது பக்கம் மேல இருக்கற நல்ல வெள்ளை மணலை அரை இஞ்ச் மட்டும் சின்னக் கிண்ணத்துல மோந்து தண்ணிக்குள்ளயே நகத்தி இடது பக்கம் கொட்டுங்க. அந்த மணல்ல உயிர் இருக்கு, காசும் மிச்சம்.

வேதை_கரையோரம்:
உப்பு பத்தியும் ஒரு வார்த்தை, எங்க ஊர் உப்பளத்து உப்பைக் கலந்தா போதாதான்னு நிறைய பேர் எனக்குத் தனியா கேக்குறாங்க. போதாது. அது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், கடல் தண்ணியில கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராம் சொச்சம், மெக்னீசியம் 1280 கிட்ட இருக்கு, அந்த அளவு அதுல வராது. ஐப்பசி கார்த்திகையில கடல் தண்ணி பிடிச்சு வர்றதும் வேண்டாம், ஆத்து வெள்ளம் கலந்து உப்பு இறங்கி வண்டலா இருக்கும், அந்த வண்டல்தான் உங்க மணல்ல போய் அடைக்கும். ரெஃப்ராக்டோமீட்டர் (தண்ணியில உப்பை அளக்கற கருவி) இல்லாதவங்க இறால் தீவனக் கடையில கேளுங்க, கிடைக்கும், 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) கரைசல் வச்சு சரி பாத்துட்டு உபயோகிங்க.

கும்மோணம்_க்ளவுன்:
ரெண்டு மாசம் ஆச்சு, அப்டேட் போடுறேன். முதல் பட்டை எடுத்தப்ப கை நடுங்குச்சு. அக்கா சொன்ன மாதிரி ஹோஸை ஆட்டாம குத்தி வச்சேன், கறுப்பு மணல் கட்டி கட்டியா குழாய்க்குள்ள ஏறுறது தெரிஞ்சுது, டேங்க்குள்ள ஒரு இழை கூட புகையல. வாளியை கொல்லையில கொண்டு போய் வச்சுட்டு வந்தப்புறமும் கையில நாத்தம் போகல, எலுமிச்சம்பழம் தேச்சுக் கழுவுனேன். க்ளவுன் ரெண்டும் அன்னிக்கு பூரா மேல் மூலையிலயே நின்னுச்சுங்க, மூச்சு வேகமா இருக்கான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன், சாயங்காலம் சாப்பாடு போட்டதும் வந்துருச்சுங்க.

நாலு பட்டை முடிஞ்சுது. மூணாவது பட்டையிலயே நாத்தம் இல்ல, சாம்பல் கலர்தான். நைட்ரேட் இப்ப 20. சாப்பாட்டையும் பாதியாக் குறைச்சேன், அதுலயும் கொஞ்சம் இறங்கியிருக்கும்னு நினைக்கிறேன்.

நேத்து பொண்ணு கூப்பிட்டா, அப்பா மணலுக்குள்ள முத்து இருக்குன்னு. குனிஞ்சு பாத்தா முன் கண்ணாடியில மணலுக்குள்ள ஒரு இஞ்ச் ஆழத்துல தலைமயிர் கனத்துல சிவப்புப் புழு ஒண்ணு நெளிஞ்ச வழி கோடு கோடா போகுது, அது பக்கத்துல குண்டூசித் தலை அளவுக்குக் குமிழி நாலஞ்சு, வெள்ளி மாதிரி. நாங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே ஒண்ணு மணலைப் பிளந்து மேல போச்சு. மோந்து பாத்தேன், நாத்தம் எதுவும் இல்ல. இது மறுபடி அந்த சல்ஃபைடா? பயமா இருக்கு.

மன்னார்குடி_நஞ்சை:
அண்ணே, படிக்கவே சந்தோஷமா இருக்கு! பயப்படாதீங்க. கண்ணாடி ஓரமா மணல்ல பச்சைக் கோடு இருக்கா பாருங்க. இருந்தா அது பாசி, வெளிச்சம் பட்டு ஆக்ஸிஜன் விடுது. வெளிப்பக்கம் மணல் உயரத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிருங்க. பத்து நாள் கழிச்சு டேப்பைத் தூக்கிப் பாருங்க, இருட்டுலயும் குமிழி சேந்திருந்தா பெரும்பாலும் அது நைட்ரஜன்தான், உங்க நைட்ரேட் காத்தாப் போறதை உங்க பொண்ணு நேர்ல பாத்திருக்கா.

கும்மோணம்_க்ளவுன்:
டேப் ஒட்டி இன்னியோட பதினொரு நாள். இப்பதான் லைட் எல்லாம் அணைச்சுட்டு டார்ச் அடிச்சுத் தூக்கிப் பாத்தோம். பச்சைக் கோடு செத்து மங்கிருச்சு. குமிழி ஏழு இருக்கு, பொண்ணுதான் எண்ணுனா. கறுப்பு இல்ல. இனிமே மாசம் ஒரு பட்டை போதும்ல அக்கா?

காரைக்கால்_அக்கா:
போதும் தம்பி. எந்த மாசம் எந்தப் பட்டைன்னு கண்ணாடி மேல் விளிம்புல மார்க்கர்ல எழுதி வைங்க, இல்லன்னா ஒரே இடத்தையே திரும்பத் திரும்ப எடுத்துருவோம். பாறைக்குப் பின்னாடி கை எட்டாத இடத்துக்கு 60 மில்லி சிரிஞ்சுல ஒரு குழாயைச் சொருகி வாரம் ஒருக்கா மேலோட்டமா தண்ணியைப் பீய்ச்சி விடுங்க, வண்டல் கிளம்பி ஃபில்டருக்குப் போயிரும்.